நொதியா, குடுவை வேதியியலா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் நிறைய. உளி பட்டதும் கோப்பையில் இறங்கும் அந்தப் பாலில் உள்ள ரப்பரைக் கட்டுவது மரத்தின் நொதிகள்தான், அதாவது உயிரணுவில் வேதிவினைகளை நடத்தும் புரதங்கள். ஐசோபிரீன் என்ற சிறு அலகுகளை ஆயிரக்கணக்கில் கோத்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் ‘சிஸ்’ வடிவத்தில் (சங்கிலி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடரும்படி) அமைத்துவிடுகின்றன. அதே அலகுகள் ‘டிரான்ஸ்’ வடிவத்தில் (எதிரெதிர்ப் பக்கமாக) சேர்ந்தால், நம் காட்டுத் தாபான் மரத்தின் கட்டாபெர்ச்சா. அது கெட்டியானது, ரப்பர்போல இழுபடாது. இயற்கை மூலக்கூறை ஆய்வகத்தில் செய்ய முனைபவருக்கு இந்த வடிவம்தான் பெரிய தலைவலி.

படிவம் ஆறில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள், இயற்கை மூலக்கூறைச் செய்ய நொதி வழி மேலா, குடுவையில் படிப்படியாகச் செய்யும் வேதியியல் வழி மேலா என்று கேட்பதுண்டு. வைட்டமின் பி12-ஐ எடுத்துக்கொள்வோம். வேதியியலாளர்கள் உட்வர்டும் எஷன்மோசரும் சுமார் நூறு ஆய்வாளர்களோடு பத்தாண்டுக்கு மேல் உழைத்து, 1972-இல் அதன் முழுத் தொகுப்பை (எளிய பொருள்களிலிருந்து ஆய்வகத்திலேயே கட்டுவதை) எட்டினார்கள். எழுபதுக்கு மேற்பட்ட படிகள்! வினைபடக் கூடாத பகுதியை மூடி வைக்க வேண்டும், அப்புறம் திறக்க வேண்டும், நடுநடுவே சுத்திகரிக்க வேண்டும். படிக்கு 90 சதவீதம் தேறினாலும், இருபதாவது படியில் கையில் மிஞ்சுவது 12 சதவீதம்தான்.

1994-இல் வேதியியலாளர் இயன் ஸ்காட்டின் குழு 12 நொதிகளை ஒரே பாத்திரத்தில் போட்டது. அமினோலெவுலினிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறில் தொடங்கி, 17 படிகளில், இடையில் எதையும் பிரித்தெடுக்காமல், பி12-இன் முன்னோடியான ஹைட்ரஜனோபைரினிக் அமிலம் 20 சதவீதம் கிடைத்தது. அது முழு பி12 அல்ல. கோபால்ட்டும் வால் பகுதியும் சேர வேண்டும். ஆனாலும் மிகக் கடினமான வளையம் தண்ணீரிலேயே, சரியான வடிவத்தில் உருவாகிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தச் சுற்றில் நொதிக்குத்தான் வெற்றி.

சரி, நொதிக்குக் குறையே இல்லையா? உண்டு. பழகிய மூலக்கூறைச் சற்று மாற்றிக் கொடுத்தாலே பல நொதிகள் தொடுவதில்லை. சூட்டையும் கரிமக் கரைப்பான்களையும் பெரும்பாலானவை தாங்குவதில்லை. இயற்கையில் இல்லாத மாற்றுவடிவங்களை விருப்பம்போலச் செய்துபார்க்க வேதியியலுக்கே கை நீளம். இந்த இடைவெளியைக் குறைத்தது, ஃபிரான்சஸ் அர்னால்டுக்கு 2018 நோபல் பரிசில் பங்கு தேடித்தந்த நெறிப்படுத்திய பரிணாம முறை; அதாவது நொதியின் மரபணுவை மாற்றி மாற்றி, சிறந்ததைத் தேர்ந்து மேம்படுத்துவது. நம் வீடுகளில் இனிப்புநீர் எனும் நீரிழிவுக்குச் சாப்பிடும் சிட்டாகிளிப்டின் மாத்திரை இயற்கை மூலக்கூறு அல்லதான். ஆனால் அதன் தயாரிப்பில் உயரழுத்த ஹைட்ரஜனும் ரோடியம் உலோகமும் செய்த வேலையை, இப்படித் திருத்திய ஒரு நொதி செய்யும் என்று மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள் 2010-இல் காட்டின.

வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிக்கு வருவோம். அதிலிருந்து ஒரு கிராம் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை எடுக்க, 500 கிலோவுக்கு மேல் உலர்ந்த இலை வேண்டும். 2022-இல் வெளியான ஆய்வில், செடியின் மரபணுக்களை ஏற்றிய ஈஸ்ட், மருந்தின் இரு பாதிகளான கேதரான்தினையும் விண்டோலினையும் செய்தது. இரண்டையும் இணைத்தது வேதியியல். நான் பரிந்துரைப்பது இந்தக் கூட்டு வழியைத்தான். வடிவம் சிக்கலான பகுதியை நொதியிடம் விடலாம்; நொதி கிடைக்காத இணைப்புக்கும் புதிய மாற்றங்களுக்கும் குடுவையை எடுக்கலாம்.