அஞ்சு வருஷம் ஒன்றியப் பள்ளிக்கூடத்துல படிக்க வெச்ச அனுபவம்: சாந்தி கேட்டதுக்கு என் பதில்

பொங்கல் லீவு முடிஞ்ச மறுநாள் சாந்தி போன் பண்ணினா. "அக்கா, சின்னவனை இந்த வருஷம் ஒண்ணாவது சேர்க்கணும், நீங்க பாப்பாவ அஞ்சு வருஷமா அங்கதான படிக்க வெக்கறீங்க, நம்பிப் போடலாமா வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க"ன்னா. யோசிச்சு சொல்றேன் கண்ணுன்னு வெச்சுட்டேன். ஒரு வார்த்தையில சொல்ற விஷயமா இல்ல, அதான் உட்கார்ந்து எழுதறேன், இதே கேள்வியோட இருக்கற வேற யாருக்காச்சும் உதவும்.

எங்களுது கோபிசெட்டிபாளையம் பக்கத்துல ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும், ஒரு தார்சுக் கட்டடம் ஒரு ஓட்டுக் கட்டடம். புக்கு, நோட்டு, நாலு செட் யூனிபார்ம், செருப்பு, பை எல்லாம் ஃப்ரீ, மதியம் முட்டையோட சாப்பாடு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாப்பா 2021-ல சேர்ந்தா, வர்ற ஏப்ரலோட அஞ்சாவது முடிக்கறா.

சேர்க்கை பத்தி சொல்ல ஒண்ணும் கஷ்டமே இல்ல. அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஒரு போட்டோ, அவ்வளவுதான். கொரோனா சமயம், எச்எம் டீச்சரே, அதாவது தலைமை ஆசிரியரே, மாஸ்க் போட்டுக்கிட்டு வீடு வீடா வந்தாங்க, எங்க வாசல் திண்ணையில உட்கார்ந்துதான் ஃபார்ம் எழுதினாங்க. பிறப்புச் சான்றிதழ்ல என் பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, பரவாயில்லீங்க அப்புறமா திருத்திக் குடுங்கன்னு சேர்த்துக்கிட்டாங்க. சர்டிபிகேட் இல்லைன்னு பிள்ளையத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமான்னு கேட்டாங்க, இங்கிலீஷ்னு எழுதினேன். அதுக்குப் பெருசா அர்த்தம் இல்லைன்னு அப்புறமாத்தான் புரிஞ்சுது, ரெண்டு மீடியம் பிள்ளைங்களும் ஒரே ரூம்ல ஒரே டீச்சர் முன்னாடிதான் உட்காருதுங்க, கையில இருக்கற புக்கு மட்டும்தான் வேற.

இன்னொண்ணு, மெடிக்கல் மாதிரி படிப்புக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் குடுக்கற 7.5 சதவீத ஒதுக்கீடு, காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசா மாசம் வர்ற புதுமைப்பெண் ஆயிரம் ரூபா இதுக்கெல்லாம் ஒண்ணாவதுல இருந்தே கவர்மென்ட் ஸ்கூல்ல இருக்கணும்னு நிறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சிருந்தா போதும். தொடக்கப்பள்ளிய அந்தக் கணக்குல முடிவு பண்ணாதீங்க.

இப்ப நல்லதை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா கோபத்துல அது மறந்து போயிடக் கூடாது.

பாப்பா வாசிக்கறா. சும்மா எழுத்துக்கூட்டி இல்ல, கதை புக்கக் கையில எடுத்தா சோத்துத் தட்டு முன்னாடி ஆறிக்கிட்டு கெடக்கும். மூணாவது படிக்கறப்ப ஒரு நாள் கோபி பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம், அந்தியூர், சத்தியமங்கலம், நம்பியூர்னு போற வர்ற பஸ்ஸு போர்டெல்லாம் அவ பாட்டுக்கு படிக்கறா, பக்கத்துல நின்ன ஒரு பாட்டி "சாமி, கவுந்தப்பாடி வண்டி எது பார்த்துச் சொல்லு"ன்னு கேக்க இவ ஓடிப் போயி பார்த்துட்டு வந்து கையப் பிடிச்சு ஏத்தி விட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் எட்டாவதுக்கு மேல படிக்கல, அவ அப்பா டாட்டா ஏஸ் ஓட்டறாரு, வீட்டுல யாரும் அவளுக்கு அ ஆ கத்துக் குடுக்கல. அந்தப் பள்ளிக்கூடம் குடுத்தது அது.

எப்படி வந்துச்சுன்னும் பார்த்தேன். 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, அப்ப இவ ரெண்டாவது. கொரோனாவுல ஒண்ணாவதே ஒழுங்கா நடக்கல, நவம்பர் 1-ஆம் தேதிதான் சின்னப் பசங்களுக்குப் பள்ளிக்கூடமே திறந்தாங்க. அதனால எல்லாப் பிள்ளையையும் அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையா பிரிச்சு, வகுப்பப் பார்க்காம எங்க நிக்குதோ அங்கிருந்து ஆரம்பிச்சாங்க. எம்பொண்ணு அரும்புலதான் இருந்தா. தரையில வட்டமா உட்கார்ந்து பாட்டு, அட்டை, சுவத்துல கீழாப்புல பிள்ளைங்க கைக்கு எட்டற மாதிரி கரும்பலகை. ஒரு வருஷத்துல மலருக்கு வந்துட்டா. அப்புறம் வாசிப்பு இயக்கம் புக்குங்க வந்துச்சு, நுழை நட ஓடு பறன்னு நாலு படி, நாலாவது படிக்கறப்ப "அம்மா நான் பறவுக்கு வந்துட்டேன்"னு ஓடி வந்து சொன்னது இன்னும் காதுலயே இருக்கு.

காலைச் சாப்பாடும் சொல்லணும். 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, எங்க ஊருக்கும் அன்னைக்குத்தான். எங்க தெருவுல முக்கால்வாசிப் பொம்பளைங்க காலையில ஏழு மணிக்கே மில்லு வண்டி ஏறணும், அதுக்கு முன்னாடி பிள்ளைங்க வெறும் டீயும் பன்னும்தான். இப்ப செவ்வாய்க்கெழம கிச்சடி, புதன்கெழம பொங்கல் சாம்பார்னு கிழமையையே சாப்பாட்ட வெச்சுத்தான் சொல்லுதுங்க. காலையில வயித்து வலி வயித்து வலின்னு மட்டம் போட்ட ரெண்டு பையன் இப்ப எனக்கு முன்னாடி பள்ளிக்கூட வாசல்ல நிக்கறானுங்க. அந்த வயித்து வலி பசின்னு எங்க யாருக்கும் தோணாமப் போச்சேன்னு இப்பவும் மனசு உறுத்துது.

சரி, இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வரேன்.

ரெண்டு டீச்சர். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர், அதுல ஒருத்தங்க எச்எம். சட்டப்படி தப்பு இல்லீங்க, 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு பேரு, 61 ஆனாத்தான் மூணாவது ஆளு. ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கை எவ்வளவோ அதை வெச்சுத்தான் பணியிடம். 2021-ல தனியார் ஸ்கூலுக்கு ஃபீஸ் கட்ட முடியாம எல்லாரும் இங்க வந்து சேர்த்தாங்க, 64 ஆச்சு. அடுத்த வருஷம் மூணாவதா ஒரு டீச்சர் வந்தாங்க. பாப்பாவுக்கு ரெண்டாவதும் மூணாவதும் அவங்கதான். நான் மேல சொன்ன அந்த வாசிப்பு, அந்த பஸ் போர்டு, எல்லாம் அவங்க கையில நடந்தது. பிள்ளைங்க பேர நோட்டு அட்டையில தானே முத்து முத்தா எழுதிக் குடுப்பாங்க, லேட்டா வர்ற பிள்ளைய வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போவாங்க. கொரோனா முடிஞ்சு வருமானம் கொஞ்சம் திரும்பினதும் ஒவ்வொருத்தரா வேன் வர்ற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க, எண்ணிக்கை 55-க்கு எறங்கிருச்சு, கூடுதலா இருக்கற டீச்சர தேவைப்படற பள்ளிக்கு மாத்தற பணி நிரவல்ல அவங்கள வேற ஒன்றியத்துக்கு மாத்திட்டாங்க. கடைசி நாள் பிள்ளைங்க அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதுக்கப்புறம் நாலாவதும் அஞ்சாவதும் எப்படிப் போச்சுன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தங்க எப்பவும் எங்கயாச்சும் போயிருப்பாங்க. ஒரு நாள் வட்டார வள மையத்துல பயிற்சி, ஒரு நாள் எச்எம் மீட்டிங், ஒரு நாள் குறுவள மையம், இருக்கற நாள்லயும் எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, வருகைப் பதிவு ஏத்தணும், மதிப்பீடு ஏத்தணும், நெட் கிடைக்காம போனத் தூக்கிட்டு வேப்பமரத்தடிக்கும் கேட்டுக்கும் நடப்பாங்க. டீச்சருங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க பாவம். போன நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம் ஆரம்பிச்சப்ப எங்க இன்னொரு டீச்சருக்கு அந்த வேலைய போட்டுட்டாங்க. நான் காலண்டர்ல புள்ளி வெச்சுக்கிட்டே வந்தேன், அந்த மாசம் பள்ளிக்கூடம் நடந்த 19 நாள்ல 12 நாள் ஒரே ஒரு டீச்சர். 58 பிள்ளைங்க, ஒரு ரூம்.

ஒரு நாள் மதியம் மாத்திரை குடுக்கப் போனேன், பாப்பாவுக்குச் சளி புடிச்சிருந்துச்சு. எச்எம் ஒண்ணாவது பிள்ளைங்களோட கையப் புடிச்சு எழுத வெச்சுக்கிட்டு இருக்காங்க, இந்தப் பக்கம் எம்பொண்ணு குச்சி ஒண்ணக் கையில வெச்சுக்கிட்டு ரெண்டாவது பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டு நிக்கறா. வீட்டுக்கு வந்து "இன்னைக்கு நான்தான் டீச்சர்"னு அவ சொல்றப்பல்லாம் ரொம்ப நாளா பெருமையாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி அவ கணக்குப் பயிற்சி நூல எடுத்துப் பார்த்தேன். முதல் கொஞ்சப் பக்கம் எழுத்து நெறஞ்சிருக்கு, டீச்சர் டிக் போட்டு தேதி போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் வெள்ள. புதுப் புக்கு வாசம் கூட போகல. 84 மிட்டாய ஆறு பேருக்குப் பிரிச்சுக் குடுன்னு ஒரு கணக்குச் சொன்னேன், 84 கோடு போட்டு ஒவ்வொண்ணா வட்டம் போட ஆரம்பிச்சா. அஞ்சாவது படிக்கற பிள்ளை. வாசிக்கச் சொன்னா பேப்பரையே வாசிக்கறா, வகுத்தல் தெரியல. மூணு டீச்சர் இருந்த வருஷத்துல கத்துக்கிட்டது இருக்கு, ரெண்டு டீச்சர் இருந்த வருஷத்துல கத்துக்க வேண்டியது இல்ல, இதை விட வேற என்ன ரிப்போர்ட் கார்டு வேணும்?

பக்கத்து வீட்டுப் பையன் வேன் ஏறிப் போற தனியார் ஸ்கூல், அதே அஞ்சாவது. அவனுக்கு வகுத்தல் நல்லா வருது, அதை ஒத்துக்கணும். இங்கிலீஷ் பாடத்த கடகடன்னு படிக்கறான், அர்த்தம் கேட்டா முழிக்கறான், தமிழ் செய்தித்தாள் தலைப்பு படிக்க அவனுக்கு நேரமாகுது. அவங்களும் சும்மா குடுக்கல, ஃபீஸுக்கும் வேனுக்கும் சேர்த்து அவங்கம்மா கம்மலு அடகுக்கடையிலதான் இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல இருக்கற 25 சதவீத ஒதுக்கீட்டுல இலவசமா சேர்க்கலாமான்னும் சாந்தி கேட்டா. வருஷ வருமானம் ரெண்டு லட்சத்துக்குள்ள இருந்தா நலிவடைந்த பிரிவுல விண்ணப்பிக்கலாம், எல்கேஜிக்குத்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். போன வருஷம் அதுவும் ஏப்ரல் மே மாசத்துல திறக்காம அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

பெத்தவங்களும் டீச்சருங்களும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவுல நானும் இருக்கேன். மூணு கூட்டத்துல தீர்மானம் போட்டாச்சு, ஆசிரியர் வேணும்னு. தற்காலிக ஆசிரியர குழு மூலமா போட 2022-ல வழி வந்துச்சு, ஆனா அது காலியா இருக்கற பணியிடத்துக்கு. எங்களுக்கு ரெண்டு இடம், ரெண்டுலயும் ஆள் இருக்காங்க, காகிதத்துல காலியே இல்ல. கல்வி ஆபீசுல போயி நேராவே கேட்டேன். எண்ணிக்கைய 61 ஆக்கிட்டு வாங்கம்மான்னாங்க. டீச்சர் இல்லாததாலதான் பிள்ளைங்க வர்றதில்ல, பிள்ளைங்க வராததால டீச்சர் இல்ல, யாரு மொதல்ல வரணும்னு கேட்டேன். அதுக்கு அவங்ககிட்ட பதில் இல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்ப 58. அஞ்சாவதுல 11 பேரு வெளிய போறாங்க, 47. 61 வரணும்னா 14 பேரு புதுசா வேணும். அங்கன்வாடியில வயசு வந்த பிள்ளைங்க எம்பையனோட சேர்த்து ஒம்போது. இன்னும் அஞ்சு பேரு.

சாந்தி, இதுக்கு மேல உனக்கு நேராவே சொல்றேன். எம்பையனை நான் அங்கதான் சேர்க்கப் போறேன். போன வருஷம் மார்ச் 1-ஆம் தேதியே சேர்க்கை ஆரம்பிச்சாங்க, இந்த வருஷமும் ஆரம்பிச்ச அன்னைக்கே மொத ஆளா போயி நிப்பேன். ஆனா உன் பையனை இப்போதைக்குப் போடாதேன்னுதான் என் வாயில வருது. நான் தையல் மிஷினோட வீட்டுலயே இருக்கேன், பாப்பா கூட சேர்ந்து நானும் இப்ப வகுத்தல் கத்துக்கிட்டு இருக்கேன், பள்ளிக்கூடத்துல விட்டத சாயங்காலம் கொஞ்சமாச்சும் புடிச்சுடுவேன். நீ ராத்திரி எட்டு மணிக்கு மில்லு வண்டியில எறங்கி அடுப்பு பத்த வெக்கறவ, உன் பையனுக்கு யாரு உட்காருவாங்க? உன்ன மாதிரி வீட்டுப் பிள்ளைங்களுக்காகத்தான் அந்தப் பள்ளிக்கூடமே இருக்கு, உன்கிட்ட வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்குதேன்னுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. நீ சேர்க்கலைன்னா அஞ்சு பேருல ஒண்ணு குறையும்னும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்.

நானும் எச்எம்மும் பக்கத்துக் காலனியில வீடு வீடா போறதா இருக்கோம், அங்க எத்தனை பேரு வர்றாங்கன்னு பார்க்கறேன். ஆகஸ்ட் 1-ஆம் தேதி 60 தாண்டி, மூணாவது டீச்சர் வந்து நாற்காலியில உட்கார்ந்துட்டாங்கன்னா அன்னைக்கே உனக்குப் போன் பண்றேன். நடுவுல வந்தாலும் சேர்த்துக்குவாங்க, டிசி கைக்கு வரலைன்னாலும் சேர்த்துக்கணும்னு சட்டம் இருக்கு. பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிரு.