காட்டுப் பாதையின் ஒலிகளுக்கு ஒரு கையடக்கப் பதிவுக் கருவி

உள்ளங்கையில் அடங்கும் இந்த ஸ்டீரியோ ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டு நடைபாதைகளில் பயன்படுத்திப் பார்த்ததில், கொடுத்த விலைக்கு ஈடு சொல்வது மெல்லொலி முதல் பேரொலி வரை ஒருசேர இடம்கொடுக்கும் இதன் 32 பிட் ஃப்ளோட் பதிவு முறைதான் என்பேன்; காலடியில் நொறுங்கும் சருகையும் தலைக்கு மேல் திடீரெனக் கத்தும் பறவையையும், ஒலியளவைத் திருகிக்கொண்டிராமல் ஒரே பதிவில் பிடித்து, பின்னர் கணினியில் சமன்செய்துகொள்ள முடிகிறது. (மைக்கே தாங்காத பேரொலியை இந்த முறையும் காப்பாற்றாது.)

ஆனால் மைக்குகளின் சொந்த இரைச்சல் அதிகம்: பூச்சிகளும் அடங்கிய நேரத்தில் 'உஸ்' என்ற ஒலி பின்னணியில் தெளிவாகக் கேட்கிறது. காற்றிரைச்சலைத் தடுக்க உடன் வரும் பஞ்சுறை இளங்காற்றுக்கே தோற்றுவிடுவதால், ரோம உறையைத் தனியே வாங்கியாக வேண்டும். பிளாஸ்டிக் உடல் விரல் அசைவைக்கூடப் பதிந்துவிடுவதால், நடந்துகொண்டே பதிய விரும்புவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிறு முக்காலியில் நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்கும் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.