‘முழுத் தோட்டப் பேக்கேஜ்’ எடுக்கப் போகிற பட்டர்வொர்த் வட்டாரத்தினர் கவனத்திற்கு

பினாங்கில் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வீட்டுத் தோட்டம் போட்டுத் தருவதாக ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. மண், எரு, பாத்தி, பழக்கன்று, நடவுக் கூலி எல்லாம் சேர்த்து ஒரே விலை. படத்தில் கத்தரியும் வெண்டையும் காய்த்துத் தொங்கும். அந்த ஆளிடம் 3,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்த வீடு எங்களுடையது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். இதே கைவரிசையோடு வேறு பெயரில் யார் வந்தாலும் உங்களுக்குப் பிடிபடும்.

எங்கள் வீடு கோனர் லாட் (வரிசையின் மூலை வீடு), பின்னால் நல்ல இடம் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் பனி விட்டதும் நடுவார்கள். இங்கே அப்படி ஒரு பருவம் கிடையாது, மழை பார்த்துத்தான் நடவு. தைப்பூசம், சீனப் பெருநாள் வெயிலெல்லாம் தணிந்து சாயங்கால மழை பிடிக்கிற மார்ச் மாதத்தில் கன்று வைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் அவரும் விளம்பரம் போடுகிறார்.

ஆள் நம்மவர். வாய் நிறைய “அக்கா”. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். கொடுத்த வங்கிக் கணக்கு வேறு பெயரில் இருந்தது. கேட்டதற்கு, “என் தங்கச்சி கணக்குதான்கா, நம்ம ஜனத்தையே நான் ஏமாத்துவேனா?” என்றார். போலீஸாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் என் கணவர் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார். புகார் எதுவும் இல்லை என்று வந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இதுவரை யாரும் அந்தக் கணக்கைப் பற்றிப் புகார் கொடுக்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆள் யோக்கியன் என்று அந்தத் தளம் சான்றிதழ் தருவதில்லை.

மண் வந்தது. மேலே பார்த்தால் கன்னங்கரேலென்று, கையில் எடுத்தால் பொலபொலவென்று இருந்தது. செங்கல் வைத்து மூன்று பாத்தி கட்டி, கத்தரி, வெண்டை, மிளகாய் நாற்றெல்லாம் நட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பார்த்தவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். முதல் பெருமழையில் குட்டு வெளிப்பட்டது. பாத்தியில் தேங்கிய தண்ணீர் மறுநாள் சாயங்காலம் வரை இறங்கவில்லை. மண்வெட்டி போட்டுப் பார்த்தால் கருமண் நான்கு விரல் ஆழம்தான். அதற்குக் கீழே மஞ்சள் களிமண், உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டி, வயர் போகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. கட்டடம் இடித்த இடத்துக் குப்பையை எங்கள் கொல்லையில் கொட்டி, மேலே கறுப்புப் போர்வை போர்த்தியிருக்கிறார்கள்.

தேங்கிய தண்ணீர் செடிக்கு மட்டும் கேடு இல்லை. கொசுப்புழு நெளிந்ததைப் பக்கத்து வீட்டு அங்கிள்தான் முதலில் பார்த்தார். சுகாதாரத் துறை ஆள் வந்து பார்த்தால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி வரை உடனடி அபராதம் (கம்பவுண்ட்). மண் விற்றவனுக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு.

இதற்குள் நாற்றுகளின் இளந்தளிர் மஞ்சளடிக்கத் தொடங்கியது. நரம்பு மட்டும் பச்சை, இடைப்பட்ட பகுதி வெளிறிப்போயிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். “உரம் பத்தலக்கா” என்று பதில். ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கி 120 வெள்ளி தனியாக வாங்கிப் போனார். சிமெண்டுத் தூள் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும், ஏறினால் மண்ணில் இருக்கிற இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாது. அந்த வெளிறல் அதனால் வருவது. எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் தீராது. தோட்டத் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? எனக்கென்னவோ, தெரிந்தேதான் அந்த மூட்டையை இறக்கினார் என்று தோன்றுகிறது.

கன்று விஷயம் இதைவிட மோசம். பேக்கேஜில் நான்கு ஒட்டுக்கன்று. இரண்டு மா, ஒரு பலா, ஒரு டுரியான். ஒவ்வொன்றிலும் ரகத்தின் பதிவு எண் எழுதிய அட்டை கட்டியிருந்தது. மாவில் எம்.ஏ. 128, அதாவது ஹாருமானிஸ். பலாவில் ஜே 33. டுரியானில் டி 197, மூசாங் கிங். தண்டில் பிளாஸ்டிக் நாடா வேறு சுற்றியிருந்ததால் பார்ப்பதற்கு அசல் ஒட்டுக்கன்று மாதிரியே இருந்தது. (டுரியானை மதில் சுவரிலிருந்து நாலடி தள்ளி நட்டிருந்தார்கள். அது வளர்ந்தால் சுவரும் போகும், வாய்க்காலும் போகும். அதைச் சொல்லக்கூட ஆளில்லை.)

என் மாமனார் அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக் கட்டியவர். நடவின்போது அவர் சுங்கை பட்டாணியில் கொழுந்தன் வீட்டில் இருந்தார். திரும்பி வந்ததும் மாங்கன்றுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டியிருந்த நாடாவை நகத்தால் கீறி உரித்தார். “இதுல ஒட்டே இல்லம்மா. கொட்டை போட்டு முளைக்க வச்சு, சும்மா நாடாவச் சுத்தியிருக்கான்.” நாலு கன்றிலும் அதே கதைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரே காட்டினார். உண்மையான ஒட்டுக்கன்றில் மண்ணுக்குக் கொஞ்சம் மேலே, சாண் உயரத்துக்குள், இணைந்த இடம் தழும்பாக நிற்கும். அங்கே தண்டு லேசாகப் புடைத்தோ வளைந்தோ இருக்கும். கீழ்த்தண்டின் பட்டையும் மேல்தண்டின் பட்டையும் நிறத்திலோ சொரசொரப்பிலோ வேறுபடும். எங்கள் கன்றில் அடியிலிருந்து நுனிவரை ஒரே பட்டை, ஒரே வழவழப்பு. ஆகவே கன்று வாங்கும்போது நாடாவை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டு நன்றாகப் பிடித்த கன்றென்றால் உரிப்பதால் ஒன்றும் ஆகாது. “உரிச்சா செத்துரும்” என்று சொன்னால் ஒன்று அது ஒட்டே இல்லை, இல்லாவிட்டால் இன்னும் பிடிக்காத ஒட்டு. இரண்டுமே நமக்கு வேண்டாம்.

விதைக் கன்றும் வளரும்தான், ஆனால் காய்க்க ஒட்டுக்கன்றைவிடப் பல வருஷம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். டுரியானில் விதைக் கன்று தாய்மரத்துச் சுளையையே தரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மூசாங் கிங் விலை கொடுத்துவிட்டு, பெயர் தெரியாத கம்போங் டுரியானுக்குக் காத்திருப்பதா?

மண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு. லோரி கொட்டுவதற்கு முன் குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அவ்வளவு நேரம் லோரிக்காரர் நிற்கமாட்டார் என்பதால் மாதிரியை முதல் நாளே கேளுங்கள். மீதிப் பணத்தை இரண்டு மழை பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவருக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

நாடாவைப் படம் பிடித்து அனுப்பிய அன்றோடு வாட்சப்பில் நீல டிக் நின்றுபோய் ஒற்றை டிக் ஆனது. ரசீது கிடையாது, கையில் இருந்தது ஒரு கைப்பேசி எண் மட்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கப் போனால் எதிர்த்தரப்பின் முகவரி கேட்பார்கள், அங்கேதான் முட்டிக்கொண்டோம். என் மகள் டிக்டாக்கில் போடுவதற்காக மண் கொட்டுவதை வீடியோ எடுத்திருந்தாள். அதில் லோரிக் கதவில் எழுதியிருந்த நிறுவனப் பெயர் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டுப் பேசினோம். பள்ளம் நிரப்புகிற மண் என்று சொல்லித்தான் விற்றார்களாம், தோட்டத்துக்கென்று யாரும் கேட்கவில்லையாம். அவர்கள் பில் புத்தகத்தில் நம்மாளின் வியாபாரப் பெயரும் முகவரியும் இருந்தன. உங்கள் வீட்டு வாசலில் எந்த லோரி நின்றாலும் கதவைப் படம் எடுத்து வையுங்கள்.

தீர்ப்பாயத்தில் பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம், பிரச்சினை நடந்து மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. பொருள் சொன்ன வர்ணனைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அட்டையில் எம்.ஏ. 128 என்று எழுதிவிட்டுக் கொட்டைக் கன்றைத் தந்தால் அது வர்ணனை மீறல்தான். அட்டைகளையும் உரித்த நாடாவையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். புகாரும் கேட்பார்கள், இயற்கை முறையில் காய்கறி போடுவதற்கு வழியும் சொல்வார்கள்.

முதல் பாரத்தைக் கொடுத்தாயிற்று, விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். இதே பேக்கேஜை எடுத்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். உங்கள் கன்றில் கட்டிய அட்டையின் படமும் பணம் போன ஆதாரமும் இருந்தால் தனித்தனியாகப் புகார் கொடுக்கலாம். பாரத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.