நாவோயேவா, யாசுகேயா?

2025-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் வீடியோ கேம் நடப்பது 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானில். அதில் நாம் ஏற்று ஆடக்கூடிய பாத்திரங்கள் இரண்டு.

நாவோயே, ஈகா மண்ணின் ஷினோபி (நிஞ்சா) பெண். கதையின் உயிர் அவளிடம்தான்: தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப் போகிறாள். விளக்கை அணைப்பாள், தரையோடு தவழ்வாள், கொக்கிக் கயிற்றை வீசிக் கோட்டைக் கூரையில் ஏறுவாள். சுவருக்கு அப்பால் நிற்கும் எதிரியைக் காட்டும் கழுகுப் பார்வையும் அவளுக்கு மட்டுமே. ஆனால் நாலு பேர் சூழ்ந்துகொண்டால் திணறிப்போவாள்.

யாசுகே, ஜப்பானியப் போர்த்தலைவர் ஓடா நொபுநாகாவிடம் பணியாற்றிய ஆப்பிரிக்கர், நிஜமாகவே வாழ்ந்தவர். மூடிய கதவை உடைத்துக்கொண்டு போவார், கனாபோ தடியால் கவசத்தை நொறுக்குவார். ஒளிந்து போவதெல்லாம் அவருக்குச் சரிப்படாது.

சாமுராய்த் தளபதியோடு நேருக்கு நேர் மோத யாசுகேதான் சரி. மற்ற நேரமெல்லாம் நான் நாவோயே பக்கம். இருட்டில் பதுங்கிக் காத்திருக்கும் அந்தப் படபடப்பு அவரிடம் கிடைப்பதில்லை.