ஒலிவினா, அப்சிடியனா? கேனரித் தீவுகளின் இரண்டு எரிமலைக் கற்கள்

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளின் நினைவாக ஓர் எரிமலைக் கல் நகை வாங்க நினைப்பவர் கடைசியில் இரண்டுக்கு நடுவில்தான் நிற்பார்: லான்சரோட்டேயின் பச்சை ஒலிவின், டெனரீஃபின் கறுப்பு அப்சிடியன். நான் ஒலிவின் பதக்கம் வாங்கி அணிகிறேன். ஆகவே தராசு பச்சைப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

நிறத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அவரவர் கண்ணுக்குப் பிடித்தது. பிறப்பில்தான் சுவை. ஒலிவின், பூமியின் மேலோட்டுக்கும் கீழே உள்ள மேன்டிலில் விளைந்த படிகம். லான்சரோட்டேயில் 1730 முதல் 1736 வரை திமன்ஃபாயா பகுதி வெடித்துக் குமுறியபோது, பசால்ட் குழம்பு அடியாழத்துப் பாறைத் துண்டுகளையும் பெயர்த்துக்கொண்டு மேலே வந்தது. கரிய லாவாக் கல்லைப் பிளந்தால் உள்ளே பச்சை மணிகள் செறிந்திருப்பது இதனால்தான். அப்சிடியன் படிகமே அல்ல. ஃபோனோலைட் என்ற பிசுபிசுப்பான எரிமலைக் குழம்பு, படிகம் வளர நேரம் தராமல் விறைத்துப்போன இயற்கைக் கண்ணாடி அது. டெனரீஃபின் பழங்குடிகளான குவாஞ்சேக்கள் அதை உடைத்துத்தான் ‘தபோனா’ என்ற கத்திகளைச் செய்தார்கள். வரலாற்றுப் பெருமையில் கறுப்புக்கே வெற்றி.

ஆனால் நகை என்றால் தினமும் உரசும் பொருள். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அப்சிடியனின் கடினம் 5 முதல் 5.5, ஒலிவினுக்கு 6.5 முதல் 7. சாதாரணத் தூசியிலேயே 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கின்றன. அப்சிடியனை உலர்ந்த துணியால் துடைப்பதே அதைத் தேய்ப்பதுதான். அதிலும் கண்ணாடிபோல் மெருகேற்றிய கறுப்புப் பரப்பில் மயிரிழைக் கீறலும் பளிச்சென்று தெரியும். விளிம்பில் அடிபட்டால் சில்லாகப் பெயரும். கத்திக்கு உதவிய அதே குணம் மோதிரத்துக்குப் பகை. மறுபடி மெருகேற்றுவது எளிது என்பதை மட்டும் அதன் கணக்கில் வரவு வைக்கலாம்.

ஒலிவினும் வைரம் அல்ல. குவார்ட்ஸ் துகள் அதையும் கீறும். அமிலம் பட்டால் மேற்பரப்பு அரிக்கும். திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம். ஆகவே நகையில் உலோகத்தைப் பற்றவைக்கும் வேலை இருந்தால் கல்லைக் கழற்றிவிட வேண்டும். சுத்தம் செய்ய மீயொலிக் கருவி, நீராவி இரண்டும் ஆகாது. வெதுவெதுப்பான சோப்பு நீர், மென்மையான தூரிகை, பிறகு நல்ல நீரில் ஓர் அலசல். என் பராமரிப்பு இவ்வளவுதான், பதக்கத்தின் பட்டைகள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. கழுத்தில் தொங்கும் கல் அதிகம் இடிபடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மோதிரமாக அணிந்து பார்த்ததில்லை. அப்சிடியனையோ கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. அதைப் பற்றி மேலே சொன்னது கல்லின் இயல்பை வைத்துச் சொன்னது.

தரையில் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். டெனரீஃபின் தெய்தே எரிமலை, லான்சரோட்டேயின் திமன்ஃபாயா இரண்டும் தேசியப் பூங்காக்கள். அங்கே கல் எடுக்கத் தடை. ஆகவே ‘தெய்தேயில் எடுத்தது’ என்று ஒருவர் பெருமையாக நீட்டினால், அதுவே வாங்காமல் இருக்கக் காரணம்.

ஒலிவினிலும் ஒரு கேள்வி உண்டு. லான்சரோட்டேயில் கிடைப்பவை பெரும்பாலும் சிறு மணிகள். பெரிதாக, மாசில்லாமல், பட்டை தீட்டிய கல் இருந்தால் அது அரிசோனாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்த பெரிடாட்டாக, அதாவது ரத்தினத் தர ஒலிவினாக, இருக்கலாம். கனிமம் ஒன்றுதான், ஊர்தான் வேறு. தீவின் கல்தான் வேண்டும் என்பவருக்கு, பச்சை மணிகள் பதிந்த கரடுமுரடான லாவாத் துண்டே நம்பகமானது. பட்டை தீட்டியதை வாங்குபவர் உருப்பெருக்கியால் கல்லின் முகப்பு வழியாகப் பின்பக்கப் பட்டைகளின் விளிம்பைப் பார்க்கட்டும். ஒலிவின் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் விளிம்புக்கோடு இரட்டையாகத் தெரியும். சற்றுப் பெரிய கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒற்றைக் கோடே தெரிந்தால், அது பச்சைக் கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.