ஆயில்ஜாப்பர்: எண்ணெய் தின்னும் பாக்டீரியா பொடி, பயன்படுத்திய அனுபவம்

குஜராத்தில் மெஹ்சானா எண்ணெய் வயல் பக்கம், குழாய் கசிந்து கச்சா எண்ணெய் ஊறிப்போன ஒரு துண்டு நிலத்தில் இதைத் தூவி வேலை செய்தோம். டெல்லியில் இருக்கும் டெரி (TERI) என்ற ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. எண்ணெயையே உணவாகக் கொள்ளும் சில பாக்டீரியா வகைகளைச் சேர்த்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கையைப் பொடித்து அதில் ஏற்றித் தருகிறார்கள்.

முதல் சில வாரங்கள் எதுவுமே மாறவில்லை, எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அப்புறம்தான் காரணம் புரிந்தது: உழவு வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் மேலோட்டமாக ஒருமுறை கிளறிவிட்டுப் போயிருக்கிறார், மண்ணுக்குள் காற்றே போகவில்லை, காற்று இல்லாமல் இந்த பாக்டீரியா எண்ணெயை வேகமாக உடைக்காது. தவறாமல் உழுது, ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு, நைட்ரஜனும் பாஸ்பரசும் உள்ள சத்துக் கலவையும் போட்ட பிறகு வாடை குறைந்தது, பிசுபிசுப்பு போனது, சில மாதங்களில் ஓரமாகப் புல் முளைத்தது. அதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

குறை உண்டு. தார் போன்ற கனமான ஆஸ்ஃபால்டீன் பகுதி லேசில் சிதையாது, கன உலோகங்களை எந்த பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. அவசரம் என்றால் இது வேண்டாம். ஆனாலும் மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி வேறு ஊரில் கொட்டுவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, நிலம் அங்கேயே இருக்கிறது. வாங்குபவர்கள் தொடங்கும் முன்பும் இடையிடையேயும் மண் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணெய் அளவைப் பாருங்கள், வெறும் கண்ணை நம்ப வேண்டாம்.