சோபாவுக்கு மாற்றாக ஓர் அட்டை: பூனைகளுக்கான ஸ்க்ராட்ச் பேட் பற்றி

பூனை வளர்க்கும் வீட்டில் சோபாவின் கைப்பிடியைப் பார்த்தாலே, அந்தப் பூனை எங்கே படுத்து எழுகிறது என்பதைச் சொல்லிவிடலாம். உறங்கி எழுந்ததும் உடலை நீட்டி முறித்து, நகங்களை எதிலாவது பதித்து இழுப்பது அதன் பிறவிக் குணம். அதை நிறுத்த முடியாது. வேறோர் இடத்துக்கு மாற்றத்தான் முடியும். அதற்கென இணையக் கடைகளில் 400 ரூபாயை ஒட்டிய விலைக்கு விற்கப்படும் அட்டை ஸ்க்ராட்ச் பேட் ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

பார்சல் பெட்டிகளில் வரும் அதே நெளிவு அட்டையைப் பட்டைகளாக நறுக்கி, வெட்டு விளிம்பு மேலே தெரியும்படி நெருக்கி ஒட்டி, ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ள பலகையாக்கியிருக்கிறார்கள். விளிம்பு மேல்நோக்கி நிற்பதுதான் இதன் சூட்சுமம். நகம் எளிதாக உள்ளே இறங்குகிறது. இழுக்கும்போது அட்டை சற்றே தடுத்து, பிறகு கிழிந்து வழிவிடுகிறது. பூனையின் நகம் அடுக்கடுக்காக வளர்வதால், முற்றிய மேலுறை கழல்வதற்கு இந்த இழுவை உதவுகிறது. பலகையைத் திருப்பித் தட்டினால் அட்டைத் தூளோடு பிறை வடிவில், உள்ளே கூடாக இருக்கும் நகத் தோல்கள் உதிரும். நகமே பெயர்ந்துவிட்டதென்று புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் பதற வேண்டியதில்லை.

பொருளின் தரத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால், தரையில் கிடத்தும் வகையில் இது விற்கப்படுவதும், பெரும்பாலான வீடுகளில் பாழாவது சோபாவின் செங்குத்தான பக்கம் என்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கால்மிதியையும் தரைவிரிப்பையும் பிராண்டும் பூனைகளுக்குப் படுக்கைவசமான பலகை போதும். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை உயர்த்தி இழுக்கும் பூனை இதைச் சீண்டுவதில்லை. எங்கள் பூனை இதன்மேல் சொகுசாகப் படுத்துக்கொண்டது, எழுந்து போய்ச் சோபாவைப் பிராண்டியது. பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அது ஏற்கெனவே கிழித்து வைத்திருந்த கைப்பிடியின் மேலேயே இரண்டு கயிறுகளால் இறுகக் கட்டிய பிறகுதான் நிலைமை மாறியது.

அந்த இடம் முக்கியம். பூனையின் பாதங்களில் மணம் சுரக்கும் சுரப்பிகள் இருப்பதால், பிராண்டுவது தன் எல்லையைக் குறித்து வைப்பதும் ஆகும். ஆட்கள் புழங்கும் கூடத்தில் தன் அடையாளத்தை விட்டுவைக்க விரும்பும் பூனை, பால்கனி மூலையில் ஒதுக்கி வைத்த பலகையை ஏறெடுத்தும் பார்க்காது. சோபாவின் மற்றக் கைப்பிடியில் டபுள் சைடு டேப் ஒட்டினோம். அந்தப் பிசுபிசுப்பு பூனைக்குப் பிடிப்பதில்லை. பலகையில் நகம் வைத்த உடனேயே ஒரு துண்டுக் கருவாடு கொடுத்தோம். அதன் காலைப் பிடித்துப் பலகையில் தேய்த்துக் காட்டுவதும், சோபாவை நெருங்கும்போது அதட்டுவதும் வீண். அதட்டினால் நாம் இல்லாத நேரத்தில் பிராண்டக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே. பழக்கம் ஊன்றிய பிறகு பலகையை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்திக்கொள்ளலாம்.

உடன் வரும் கேட்நிப் (பூனைகளை மயக்கும் மணமுள்ள ஒரு செடி) தூள் பொட்டலத்தை நம்பி வாங்க வேண்டாம். அந்த மணத்துக்கு மயங்குவது பரம்பரையாக வரும் இயல்பு. கணிசமான பூனைகளுக்கு அது இல்லை, சிறு குட்டிகளுக்கும் வேலை செய்யாது. எங்கள் பூனை முகர்ந்து பார்த்துத் தும்மியதோடு சரி. அதற்குப் பதில், நம் ஊர்த் தெருவோரங்களில் தானாக முளைக்கும் குப்பைமேனியைப் பிடுங்கி, அதன் பச்சை வேரை அட்டை விளிம்புகளில் தேய்த்தபோது, பூனை கன்னத்தை வைத்து உரசி உரசிப் புரண்டது. பூனைவணங்கி என்று அந்தச் செடியை அழைப்பவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. தேய்த்த வேரைப் பூனை தின்னாதபடி உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

குறைகளுள் பெரியது எடையின்மை. டைல்ஸ் தரையில் வைத்தால் இழுக்கும்போதே நழுவுகிறது. ஆடும் பரப்பைப் பூனை நம்பாது. வழுக்காத அடிப்பகுதி என்று விளம்பரத்தில் இருந்தது, வந்த பொருளில் இல்லை. அடுத்தது ஈரம்: அடைமழை நாட்களில் அட்டை நமத்து, ஓரப் பட்டைகளின் பசை விட்டது. தினமும் தூள் கூட்ட வேண்டியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சிரமங்களுக்குச் சலித்து, நகத்தையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த அறுவையில் ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் துண்டிக்கப்படுகிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2019-இல் அதைத் தடை செய்தது. அதற்குப் பதில், நகத்தின் உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டிவிட்டால், சேதம் பெருமளவு குறையும்.

கால்மிதியைப் பிராண்டும் பூனை உள்ளவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். சோபாவைப் பிராண்டும் பூனையென்றால், அது முழுதாக நிமிர்ந்து நீளும்படி குறைந்தது 75 செ.மீ. உயரமும் கனமான அடிப்பலகையும் கொண்ட மரக்கட்டை ஒன்றைத் தச்சரிடம் செய்யச் சொல்லி, சைசல் எனப்படும் கற்றாழை வகை நார்க் கயிற்றையோ தேங்காய் நார்க் கயிற்றையோ இடைவெளியின்றிச் சுற்றிக்கொள்வது மேல். கயிறு நைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.